பால் பாக்கெட்டும் நீள நோட்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. வீட்டில் அம்மா, இவர், 22 வயதுத் தம்பி. இவர் லேப் டெக்னீஷியன். தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டே சாப்பாடு டெலிவரிக்குப் போகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் ஓர் இளைஞர் சங்கத்துப் பையன்கள் தெர்மாகோல் தெப்பத்தில் பால் பாக்கெட்டும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்பி அன்றைக்கே அவர்களோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அப்புறம் மாலை டியூஷன், ரத்ததான முகாம், கேரம் போட்டி, ஞாயிற்றுக்கிழமை சிலம்பம் என்று வளர்ந்து, இப்போது அவர்தான் சங்கத்தின் பொருளாளர், வாட்ஸாப் குழுவின் அட்மின்.

சங்கத்தின் பனியனில் முன்பு ஈட்டி முனை இருந்தது. போன வருடம் அது மரக்கன்றாக மாறிவிட்டது. மேடையில் 'வடக்கன்' என்று யாரும் சொல்லக் கூடாது, 'வெளிமாநிலத்தவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. ஆனால் ஒரு நாள் தம்பியின் போனை எடுத்துப் பார்த்தபோது, உள்குழுவில் பானிபூரி விற்கும் சிறுவன் ஒருவனைச் சுற்றி நின்று தமிழ் பேசச் சொல்லி மிரட்டும் வீடியோவும், அதற்குக் கீழே ஐம்பது அறுபது சிரிப்பு முகங்களும். 'வெளியே சிரிச்சுப் பேசு, உள்ளே வேலையைப் பாரு' என்று தலைவர் பேசிய ஆடியோவும் இருந்தது. பிறகு அலமாரியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. 'குடியிருப்போர் கணக்கெடுப்பு' என்று தலைப்பு. வீட்டு எண், வீட்டுக்காரர் பெயர், எத்தனை பேர், எந்த ஊர், எங்கே வேலை, வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார்கள். எல்லாம் தம்பியின் கையெழுத்து.

அவர் கேட்பது: அரசாங்கத்தில் பதிவு செய்த சங்கம் எப்படித் தப்பாக இருக்கும்? நாளைக்கு ஏதாவது நடந்தால் தம்பி மாட்டுவானா? போலீசில் சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடுமே? நம் ஆட்களுக்கு வேலையில்லை என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறதல்லவா? கடைசியாக, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அம்மா சொல்கிறார். நான்தான் நல்லவர்களைச் சந்தேகப்படுகிறேனா?'

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கும் தம்பியைப் பற்றித்தான் கவலை. இரண்டாவது தடவை படிக்கும்போது ஒன்று உறுத்தியது. நான்கு பக்கத்திலும் தம்பி வருகிறார், அம்மா வருகிறார், தலைவர் வருகிறார். நோட்டில் வீட்டு எண்ணோடு எழுதப்பட்டிருக்கும் ஆட்கள் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் அடைப்புக்குறிக்குள்: 'மொட்டைமாடி ஷீட் அறையில் இருந்த ஒடிசாக்காரர்களுக்குத் தரவில்லை, அம்மாதான் நமக்கு வந்ததில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார்.' குறையாகச் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளை சிக்கலில் இருந்தால் கண் அங்கேதான் போகும். ஆனால் வக்கீலாகப் பார்த்தால், இதில் முதல் ஆபத்து அந்த ஷீட் அறைக்காரர்களுக்கு. தம்பிக்கு அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசையை மறக்காமல் இருந்தால், தம்பியை வெளியே கொண்டுவரும் வழியும் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் வீட்டில் கழிப்பறை உண்டா, சமையல் கேஸிலா விறகிலா என்று கேட்பார். ராத்திரி எத்தனை மணிக்கு வேலையிலிருந்து நடந்து வருவீர்கள் என்று கேட்க மாட்டார். ரத்ததான முகாமுக்கு அந்தத் தகவல் எதற்கு? டியூஷனுக்கு எதற்கு? நீங்கள் யாரையும் வீணாகச் சந்தேகப்படவில்லை. வேலை முடிந்து வரும் நேரம் எழுதிய, நோட்டின் அந்தக் கடைசிப் பத்தியைப் பார்த்து உங்களுக்கு வயிறு கலங்கியது சரிதான்.

முகம் மாறுவது எப்படி

வெறுப்பை வைத்து ஆள் சேர்க்கும் கூட்டம் உலகத்தில் எங்கே இருந்தாலும் ஒரு கட்டத்தில் ஒரே முட்டுச்சந்துக்கு வந்து நிற்கும். அடிதடி ஆசாமிகள் தானாக வந்துவிடுவார்கள். உங்கள் தம்பி மாதிரிப் பையன்கள் வரமாட்டார்கள். அம்மாக்கள் விடமாட்டார்கள். வாடகைக்கு மண்டபம் கிடைக்காது. கடைக்காரர் நன்கொடை தரமாட்டார். அப்போதுதான் சின்னம் மாறும், சொல் மாறும், பனியன் நிறம் மாறும். சொல்ல வந்த விஷயம் மட்டும் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கொன்று, தீ வைத்து, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு திரிந்த கு கிளக்ஸ் கிளானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920களில் அது லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு குடும்பச் சுற்றுலா, பேஸ்பால் ஆட்டம், ஏழைகளுக்கு உதவி என்று ஊர்ச் சங்கம் மாதிரியே நடந்தது. 1970களில் டேவிட் டியூக் என்ற தலைவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் கோட்டு சூட்டுக்கு மாறினார். தொலைக்காட்சியில் வந்து, யாரையும் வெறுக்கவில்லை, வெள்ளையரின் உரிமையைத்தான் பேசுகிறோம் என்று மென்மையாகப் பேசினார். 1989-ல் லூசியானா மாநில சட்டமன்றத்துக்கே தேர்வாகிவிட்டார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒரு வழக்கும் உண்டு. மிசூரி மாநிலத்தில், நெடுஞ்சாலையில் ஒரு பகுதியைத் தத்தெடுத்துக் குப்பை பொறுக்கினால் அரசாங்கமே உங்கள் பெயரைப் பலகையில் போடும். கிளான் விண்ணப்பித்தது. மாநில அரசு முடியாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-ல் அந்த நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததால், கிளானுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நின்றது. மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துப் போராட்டத்தைத் தொடங்கிய ரோசா பார்க்ஸ் அம்மையாரின் பெயரை அதே சாலைக்கு வைத்தது. கிளான்காரர்கள் ஒரு நாளும் குப்பை பொறுக்க வரவில்லை. கடைசியில் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். பலகை கிடைத்தால் போதும் என்று வந்தவர்கள்தானே!

உங்கள் கதைக்கு இதைவிடக் கிட்டத்தில் வருவது கிரேக்க நாடு. அங்கே கடன் நெருக்கடி முற்றிய காலத்தில் 'கோல்டன் டான்' என்ற நவநாஜிக் கட்சி தெருவில் அரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெய் கொடுத்தது. அடையாள அட்டையைக் காட்டி, கிரேக்கர்தான் என்று நிரூபித்தால்தான் பை கிடைக்கும். ரத்ததான முகாம்கூட 'கிரேக்கருக்கு மட்டும்' என்று நடத்தப் பார்த்தார்கள். பசியில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள், 2012-ல் நாடாளுமன்றத்தில் 18 இடம் கிடைத்தது. அதே கட்சியின் ஆட்கள் ராத்திரியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடித்தார்கள். 2013-ல் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற பாடகரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அந்தக் கட்சியே ஒரு குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்தது.

உங்கள் ஏரியா சங்கத்தை இவற்றோடு ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பையைக் கொடுக்கும்போது 'எந்த ஊர்?' என்று கேட்பது இருக்கிறதே, அது ஒன்றுதான். வெள்ளத்தில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாரைத் தாண்டிப் போனார்கள் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர்தானே அந்தப் பாக்கெட்டை மாடிக்குக் கொண்டுபோனவர்.

இன்னொன்று. தண்ணீரில் இறங்கிய பையன்கள் எல்லாரும் நடிக்கவில்லை. தம்பியின் உழைப்பு நிஜம், டியூஷனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் நிஜம். அந்த நல்ல பெயர்தான் சங்கத்துக்கு வேண்டியிருக்கிறது. நான் பார்த்த ஒரு வழக்கில், தெருவில் ஒரு கைகலப்பு நடந்து எஃப்.ஐ.ஆர். போட்டதும் போலீஸ் கையில் எடுத்தது ரத்ததான போஸ்டரைத்தான். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஏழு பேரையும் விடிவதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏவிவிட்ட பெரியவர் எந்தப் போஸ்டரிலும் இல்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. உங்கள் கடிதத்தில் தலைவர் சங்கத்தில் 'வெறும் ஆலோசகர்' என்று ஒரு வரி இருக்கிறது. பொருளாளர் தம்பி. புரிகிறதா?

பதிவு எண் பற்றி

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாவட்டப் பதிவாளர் பார்ப்பது சங்கத்தின் துணைவிதிகளை, நோக்கங்கள் என்று எழுதிக் கொடுத்த தாளை, நிர்வாகிகள் பட்டியலை. பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிள்ளை பிறந்தது என்று சொல்லும், நல்ல பிள்ளை என்று சொல்லாது. ஒரு விதத்தில் பதிவு இருப்பது உங்களுக்கு வசதி. யார் யார் நிர்வாகி, தம்பி பெயர் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, கணக்கு தாக்கல் செய்தார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து நகல் கேட்டுப் பாருங்கள்.

'நம் ஆட்களுக்கு வேலையில்லை'

வேலையில்லை என்பது உண்மை. மணலியிலும் எண்ணூரிலும் ஆலைப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் ஆலைக்குள் வேலை கிடைக்காமல் இருப்பது நியாயமான கோபம். அந்தக் கோபத்தை வைத்துச் சங்கம் கட்டலாம், ஊர்வலம் போகலாம், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்கலாம். அதெல்லாம் பேச்சுரிமை. ஆனால் ஒடிசாக்காரர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பாதிக் கூலிக்கு, இ.எஸ்.ஐ. பி.எஃப். இல்லாமல் ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் கூட்டி வருகிறார். புலம்பெயர்ந்த தொழிலாளரை இப்படிச் சுரண்டக் கூடாது என்று 1979-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லிக் கேட்டால் உங்கள் தெருப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் கூலி ஏறும். சங்கத்தின் நோட்டில் காண்ட்ராக்டர் பெயருக்கு ஒரு பத்தி இருக்கிறதா?

நாமும் அந்தப் பக்கம் நின்றவர்கள்தான். 1960களின் கடைசியில் பம்பாயில் லுங்கி கட்டிய தென்னிந்தியரை விரட்டச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருத் தமிழர் வீடுகள் எரிந்தன. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடுகிறோமே, அது 1960களில் பர்மாவில் கடையும் சொத்தும் இழந்து கப்பலேறி வந்த தமிழர்களோடு வந்தது. எங்கேயோ யாரோ அவர்களையும் கணக்கெடுத்திருப்பார்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் தெளிவு. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. 'அவர்களுக்கு வீடு கொடுக்காதே' என்று வீட்டுக்காரர்களிடம் சங்கத்தார் பேசி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் பிரச்சாரம் என்று தம்பி நினைக்கலாம். ஒரு மொழி அல்லது வட்டாரத்தார் என்பதற்காகக் குடிமக்களின் உரிமையை மறுக்கச் சொல்லி அறிவுரை தருவதும் பரப்புவதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 197-வது பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை.

தம்பி மாட்டுவாரா

நேரடியாகச் சொல்கிறேன். இன்றைய நிலையில், உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றம் ஆகாது. உறுப்பினராக இருந்தாலே குற்றம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அரசாங்கம் சட்டப்படி தடை செய்த அமைப்புகளைப் பற்றி. உங்கள் தெருச் சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. அட்மினாக இருப்பதாலேயே மற்றவர் போட்ட பதிவுக்குத் தண்டனை கிடையாது என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதையெல்லாம் சொல்லி உங்களைத் தூங்க வைத்துவிடலாம். ஆனால் மற்ற பாதியையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பானிபூரி வீடியோவைத் தம்பி வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, பிறர் எழுதியதை அனுப்பினாலும் விளைவுக்கு அனுப்பியவர் பொறுப்பு என்றது. சன்ஹிதாவின் 196-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், சாதி மட்டுமில்லை, பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த அடிப்படையில் பகையை வளர்த்தால் மூன்று வருடம் வரை சிறை. 'வடக்கன்' என்பதை 'வெளிமாநிலத்தவர்' என்று மாற்றிச் சொன்னால் பிரிவு பொருந்தாமல் போய்விடும் என்று தலைவர் கணக்குப் போட்டிருந்தால், யாரோ அரைகுறை வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீதிமன்றம் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காது, பேச்சு முழுவதையும், பேசிய இடத்தையும், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கும். அந்த ஆடியோ வெளியே வந்தால் மரக்கன்றுக்குப் பின்னால் என்ன என்று தலைவரின் குரலே சொல்லிவிடும். அதே பிரிவில் பயிற்சிகளைப் பற்றியும் உண்டு. சிலம்பம் கற்றுக்கொடுப்பது குற்றமில்லை. இன்ன மொழிக்காரரை அடிக்கத்தான் என்ற எண்ணத்தோடு நடத்தினால் குற்றம்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது நோட்டுதான். இன்றைக்கு அது ஒரு நோட்டு. நாளை அதில் உள்ள ஒரு வீட்டு எண்ணில், அதில் எழுதிய நேரத்தில் யாருக்காவது அடி விழுந்தால், அது சதி வழக்கின் முதல் சான்றாவணம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நோக்கத்தோடு கூடிக் குற்றம் செய்தால், கையை ஓங்காமல் கூட நின்றவருக்கும் பொறுப்பு உண்டு என்பது பழைய சட்டத்திலிருந்தே வரும் விதி. புதிய சட்டத்தில், 2024 ஜூலை 1 முதல், இன்னும் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிப் பிறந்த இடத்துக்காகவோ மொழிக்காகவோ ஒருவரைக் கொன்றால் தூக்கு அல்லது ஆயுள். கொடுங்காயம் என்றால் ஏழு வருடம் வரை. 'நான் அன்றைக்கு ஸ்பாட்டிலேயே இல்லை, டெலிவரியில் இருந்தேன்' என்பது நல்ல வாதம். அதை ஒரு செஷன்ஸ் நீதிபதி முன்னால், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில்தான் சொல்ல முடியும். அதற்குள் ரயில்வேக்குப் போகும் வயது தாண்டிவிடும்.

ரயில்வே என்றதும் ஒன்று. போலீஸ் சரிபார்ப்பில் கேட்பது வழக்கு உண்டா, கைதானீர்களா என்று. நீங்களோ தம்பியோ தகவல் கொடுப்பது வழக்காகாது. அந்தப் பயத்தை விடுங்கள். ஒருவேளை வழக்கே வந்தாலும் படிவத்தில் மறைக்காதீர்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும், தகவலை உண்மையாகக் கொடு என்பதுதான்.

என்ன செய்யலாம்

நோட்டை எரிக்காதீர்கள். பலர் முதலில் செய்யும் தப்பு அது. குற்றம் ஏதாவது நடந்திருந்தால் தடயத்தை அழித்ததாக உங்கள் மேலேயே வரும். கிழிக்கவும் வேண்டாம், திரும்பச் சங்கத்துக்குப் போகவும் வேண்டாம். அலமாரியிலிருந்து எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள், 'இந்த அநியாயத்தைப் பாருங்கள்' என்று நல்ல எண்ணத்தில்கூட. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது எத்தனை பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓடினார்கள் என்று ஞாபகம் இருக்கும். அந்தச் சிறுவனின் முகமும் தெரியும். தம்பிக்குத் தெரியாமல் அவர் போனை இனிமேல் திறக்கவும் வேண்டாம். ஒரு தடவை போதும். அடுத்த தடவை மாட்டிக்கொண்டால் உங்களிடம் பேசவே மாட்டார்.

தம்பியிடம் பேசும்போது 'அவங்க கெட்டவங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கிய அந்த நாள்தான் அவர் வாழ்க்கையில் அவருக்கே பெருமையான நாளாக இருக்கும். அதைப் பிடுங்கினால் எதிர்த்துத்தான் நிற்பார். ஜெர்மனியில் நவநாஜிக் கும்பல்களிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உதவ 'எக்ஸிட்' என்று ஓர் அமைப்பு 2000 முதல் இருக்கிறது. 2011-ல் அவர்கள் நாஜி இசை விழா ஒன்றில் மண்டையோடு போட்ட 250 பனியன்களை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் துவைத்ததும் மண்டையோடு கரைந்து அடியிலிருந்து எழுத்து வந்தது: பனியனால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்று. பத்துப் பேர் நடுவில் அதைச் சொல்லியிருந்தால் பாட்டில் பறந்திருக்கும். வீட்டில், தனியாக, துணி காயப்போடும்போது படித்ததால் யோசிக்க இடம் கிடைத்தது. நீங்களும் அப்படி ஒரு நேரம் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா முன்னால் வேண்டாம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'அந்தக் கடைசிப் பத்தி எதுக்குடா?' பதில் சொல்லட்டும். சொல்ல முடியாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

அவர் வெளியே வரச் சம்மதித்தால், வாயால் 'வரமாட்டேன்' என்று சொல்வது போதாது. பொருளாளர் பதவியிலிருந்து விலகுவதாகத் தேதி போட்டுக் கடிதம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு தபாலில் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும், நகல் மாவட்டப் பதிவாளருக்கு. வங்கிக்கு இன்னொரு கடிதம்: என் கையெழுத்து அதிகாரத்தை நீக்குங்கள் என்று. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அந்த எண்களையும் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அன்றைய தேதி வரை கணக்கு அறிக்கை ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். அட்மின் பொறுப்பை விட்டுக் குழுவிலிருந்து வெளியேற வேண்டும், ஆனால் போனை அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. விலகிய பிறகு மிரட்டல் வந்தால் அதற்குத் தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது, அழைப்பு விவரங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் விஷயம். யாரையோ இன்றைக்கே, இந்த வாரமே அடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் வக்கீலுக்காகக் காத்திருக்க வேண்டாம், 100-ஐ அழையுங்கள். அப்படி அவசரம் இல்லை என்றால், நோட்டோடு தம்பியே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய், எப்படி எழுதினேன், யார் எழுதச் சொன்னார்கள் என்று எழுத்தில் கொடுப்பதுதான் அவருக்கு நல்லது. சம்பவத்துக்கு முன்னால் போனால் அவர் தகவல் கொடுத்தவர். பின்னால் போனால் பட்டியல் போட்டவர். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். விசாரணை அவர் பக்கமும் திரும்பலாம், சங்கத்துப் பையன்கள் தெருவில் முறைப்பார்கள், அதனால்தான் தனியாகப் போகக் கூடாது என்கிறேன். தம்பி கடைசி வரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த முடிவு உங்கள் தலையில் வரும். என் கருத்தைக் கேட்டால், ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். நோட்டு உங்களிடம் இருந்தாலும் அதில் உள்ளதை வேறு யாராவது போனில் படம் எடுத்து வைத்திருக்கலாம்.

வக்கீல் ஃபீஸ் பற்றி யோசிக்க வேண்டாம். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். உப்பிட்டவரை நினைக்கச் சொல்வது சரியான பழக்கம்தான். அன்றைக்குத் தெப்பத்தில் பால் கொண்டுவந்தது பையன்கள். அதில் ஒரு பாக்கெட்டை மாடிக்குக் கொண்டுபோனது அவர். அதைத் தம்பியும் பார்த்திருப்பார்.

கடைசியாக ஒரு வேலை. நோட்டை எடுத்து உங்கள் சொந்த வீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாடி ஷீட் அறையில் இன்னும் அந்த ஒடிசாக்காரர்கள்தான் குடியிருந்தால், அவர்கள் ராத்திரி எத்தனை மணிக்கு மாடிப்படி ஏறுகிறார்கள் என்பதைத் தம்பி யாரிடமும் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.